நிற்கிற காலைப் பார், கண்ணு

கொழிஞ்சாம்பாறை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய டேக்வாண்டோ வீடியோவை அம்மாவும் நானும் நாலு தடவை பார்த்தோம். அவள் உன் வெள்ளை உடுப்பைப் பார்த்தே பூரித்துப் போனாள். நான் பார்த்தது உன் இடது காலை. உதைப்பது வலது கால்தான், ஆனால் கோளாறு நிற்கிற காலில் இருக்கிறது.

தோல்யோ சாகி, அந்தச் சுற்று உதை. முழங்காலை மடக்கித் தூக்குவதெல்லாம் சரி. இடுப்பு திரும்பும்போது நிற்கிற பாதமும் கூடவே திரும்பணும், குதிகால் எதிராளியைப் பார்க்கிற அளவுக்கு. உன் பாதம் தரையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படி நின்றால் திருகல் முழுக்க முழங்காலில்தான் இறங்கும். கல்யாணத்துக்கு முன்னால் பாலக்காட்டில் இரண்டு வருஷம் பழகினேன் இல்லையா, ஒருநாள் சிமெண்டுத் தரையில் கேன்வாஸ் ஷூவோடு வித்தை காட்டப் போய் இதே உதையில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். தென்னையிலிருந்து விழுந்தேன் என்று உன்னிடம் இத்தனை நாள் சொன்னது பொய்.

ஆப் சாகியில், அதான் முன் உதையில், உன் பழைய களரிப் பழக்கம் தலைகாட்டுகிறது. நேர்க்கால் வீசுகிற மாதிரி காலை நீட்டியே மேலே கொண்டுபோகிறாய். இங்கே முழங்கால் முதலில் எழும்பணும், கால் அப்புறம்தான் பாயணும். விரல்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு முன்பாதத்தால் உதை. விரல் முட்டினால் ஒரு மாதம் செருப்புக்கூடப் போட முடியாது. உதைத்த காலை உடனே மடக்கி இழுத்துவிடு, விட்டுவைத்தால் பிடித்துக்கொள்வான்.

யோப் சாகி, அந்தப் பக்க உதை, ஏறி வருகிறவனை நிறுத்துவதற்கு. குதிகாலும் பாதத்தின் வெளிவிளிம்பும் படணும். த்வி சாகி, அந்தப் பின் உதை, இதைவிட பலமானது. ஆனால் முதுகைக் காட்டித்தான் உதைக்கணும், அதனால் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு உதை.

போட்டியில் மார்புக் கவசத்தில் சாதாரண உதை பட்டால் 2 புள்ளி, தலையில் பட்டால் 3. அதனால் எல்லாரும் உயரத்துக்கே ஆசைப்படுகிறார்கள். இடுப்புக்குக் கீழே உதைத்தால் தண்டப்புள்ளி. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் எவனாவது வழிமறித்தால் இந்தக் கணக்கே வேறு. தலைக்குக் காலைத் தூக்காதே, ஜீன்ஸும் விடாது. கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பில் ஒரு ஆப் சாகி, அப்புறம் ஓட்டம். ஓடுவது கேவலம் என்று அம்மா முணுமுணுக்கிறாள், அவள் பேச்சைக் கேட்காதே.

அடுத்த வீடியோவில் முகம் வேண்டாம், பாதம் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமை வருவதானால் கோயம்புத்தூரில் இறங்கி வேலந்தாவளம் பஸ்ஸைப் பிடி, நான் செக்போஸ்ட்டில் வண்டியோடு நிற்கிறேன்.

அப்பா