கதிருக்குப் பக் கதையைப் படித்துக் காட்டு

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

ஜாக் லண்டனின் ‘கானகத்தின் குரல்’ நாவலைக் கதிருக்குப் படித்துக் காட்டலாமா, பிள்ளை பயந்துவிடுவானா என்று கேட்டாய். மாப்பிள்ளை வேண்டாம் என்கிறாராம். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, அதான் எழுதுகிறேன். தாராளமாகப் படி. ஆனால் சிறுவர்களுக்கென்று வெட்டிச் சுருக்கியது வேண்டாம். பெ. தூரன் மொழிபெயர்த்தது இருக்கிறது, அதை எடு.

மாப்பிள்ளை முதல் அத்தியாயத்தை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி வீட்டில் ராஜா மாதிரி வளர்ந்த நாய் பக். கனடாவின் வடமேற்கில் இருக்கிற கிளாண்டைக்கில் தங்கம் கிடைக்கிறது என்று 1897இல் ஜனங்கள் வடக்கே ஓட, பனிவண்டி இழுக்கப் பெரிய நாய்களுக்கு ஏகக் கிராக்கி. தோட்டத்தில் வேலை செய்கிற சூதாடி ஒருவன் பக்கைத் திருடி விற்றுவிடுகிறான். சியாட்டிலில் சிவப்பு ஸ்வெட்டர்காரன் தடியால் அடித்தே அதை அடக்குகிறான். பாயப் பாய அடி. அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகாதே. கதிர் அழுதால் அழட்டும். பிறகு தடி பிடித்த மனிதனிடம் பக் ஏன் அவ்வளவு எச்சரிக்கையாக நடக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்குப் புரியும்.

சிரிக்கவும் நிறைய உண்டு. முதல் ராத்திரி, பனியில் எங்கே படுப்பதென்று தெரியாமல் பக் அலைகிறது. கூடாரத்துக்குள் நுழைந்தால் பாத்திரங்கள் பறந்து வருகின்றன. கூட வந்த நாய்களில் ஒன்றையும் காணோம். திடீரென்று காலடியில் பனி சரிகிறது. பார்த்தால், உள்ளே பில்லி என்ற நாய் சுருண்டு கதகதப்பாகப் படுத்திருக்கிறது! பக்கும் உடனே ஒரு குழி தோண்டிக்கொள்கிறது. இன்னொன்று: நடந்து நடந்து பாதம் புண்ணானதும், வண்டியோட்டி பிரான்சுவா தன் காலணியின் மேல்தோலை வெட்டிப் பக்குக்கு நாலு செருப்புச் செய்து போடுகிறான். ஒருநாள் காலை அவன் மறந்துபோக, பக் மல்லாந்து படுத்து நாலு காலையும் ஆட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. கதிர் அதை உனக்கு நடித்துக் காட்டாமல் இருக்கமாட்டான்.

பக்கோடு வண்டி இழுக்கிற டேவ் என்ற நாய் சாகிற இடத்தில் அழப்போவது நீதான். நோயில் விழுந்த டேவை அவிழ்த்துவிடுகிறார்கள். அதுவோ தன் இடத்தில் இருந்த நாயின் வாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அங்கே போய் நிற்கிறது. முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்.

எனக்குப் பிடித்தது, பனிப்பயணம் பழக்கமே இல்லாத ஹால், சார்லஸ், மெர்சிடிஸ் மூவரும் வரும் அத்தியாயம். மெதுவாகப் படி. ஐந்து மாதத்துக்குள் 2,500 மைல் ஓடிக் களைத்த நாய்கள் இவர்கள் கையில் சிக்குகின்றன. வண்டியில் துணிமணி, கூடாரம் என்று மலைபோலச் சாமான். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். 14 நாய் இருந்தால் வேகமாகப் போகலாம் என்று இவர்கள் கணக்கு. 14 நாய்க்கான தீனியை ஒரு வண்டி சுமக்காது என்பது கணக்கில் வரவில்லை. போதாக்குறைக்கு ஆரம்பத்தில் ஹால் இரட்டிப்பாகத் தீனி போடுகிறான். கால்வாசி தூரம்தான் போயிருக்கிறார்கள், பாதித் தீனி தீர்ந்துவிட்டது. தடியைவிட இந்தக் கவனக்குறைவுதான் எனக்குக் கொடூரமாகப் பட்டது. மாப்பிள்ளை தடுப்பதென்றால் இதையல்லவா தடுக்கவேண்டும்?

பக்கின் கடைசி எஜமான் ஜான் தார்ன்டனின் பந்தயக் கட்டத்தை மட்டும் ராத்திரியில் படிக்காதே. சுமார் 450 கிலோ மாவு மூட்டை, அடியில் இருக்கிற சறுக்குக் கட்டைகள் பனியில் உறைந்து ஒட்டிக்கொண்ட வண்டி, அதைப் பக் தனியாக 100 கெஜம் இழுக்கவேண்டும். பையன் தூங்கமாட்டான்.

கடைசியில் யீஹாட் என்று ஒரு பழங்குடி வரும், கொலைகாரர்களாக. அது ஜாக் லண்டனின் கற்பனை. கிளாண்டைக் ஆற்றங்கரையில் நிஜமாக வாழ்ந்த மக்கள், தங்கம் தேடி வந்த கூட்டத்தால் சொந்த இடத்தை விட்டுப் போகவேண்டியதாயிற்று. லண்டனும் 21 வயதில் அந்தக் கூட்டத்தோடு போனவர்தான். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயோடு மறுவருஷம் திரும்பினார். அந்த இடம் வரும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதையும் அவனுக்குச் சொல்.

முடித்ததும் இன்னொன்று கேட்பான். அவருடைய ‘ஒயிட் ஃபேங்’ வாங்கிக் கொடு. அதில் ஓநாய்க் கலப்பு நாய் ஒன்று வடக்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு வருகிறது. அங்கேயும் ஒரு நீதிபதி வீடுதான்!

அன்புடன்,
அப்பா