விற்றுவரவுக் கணக்கு வியாபாரியின் கைக்கு வரட்டும்

கென்ய மத்திய வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஆப்பிரிக்க நாடுகளில் வாடிக்கையாளரைப் பற்றிய தரவு போதாததால்தான் நிதிச் சேவைகள் மேம்படவில்லை என்று சொல்லப்படுவதுண்டு. கென்யாவுக்கு அது பொருந்தாது. 2007-இல் கைப்பேசி வழியே பணம் அனுப்பவும் பெறவும் உதவும் எம்-பெசா சேவை வந்த பிறகு, நைரோபியின் வாகுலிமா சந்தையில் காய்கறி எடுத்து விற்கும் ஒரு பெண்ணின் வரவுசெலவுகூடக் கைப்பேசிக் கணக்கில் பதிவாகிவிடுகிறது. அந்தப் பதிவைக் கொண்டு 2012 முதல் எம்-ஷ்வாரி என்ற கைப்பேசிக் கடன் சேவை கடன் வரம்பை நிர்ணயித்து வருகிறது. ஆனால் அதே பெண் வேறொரு கடன் சங்கத்தின் படியேறினால், முன்பின் அறியாதவராகவே நடத்தப்படுகிறார்.

2019-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, தம்மைப் பற்றிய தரவைப் பெற்று வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. அந்தக் கோரிக்கையை நிறைவேற்ற நிறுவனத்துக்கு உள்ள அவகாசமோ முப்பது நாள். விடியற்காலையில் சரக்கெடுக்கப் பணம் தேடுபவருக்கு அதனால் என்ன பயன்? எனவே நடைமுறையில் எம்-பெசா கணக்கறிக்கையையே முழுதாகக் கடன் தருபவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனைக்கும் தேவாலயத்துக்கும் செலுத்திய தொகைகள், யார் யாருக்குப் பணம் அனுப்பினார் என்ற பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை.

கடன் செயலிகள் சில, கைப்பேசியின் தொடர்புப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, தவணை தவறியவர்களின் உறவினரையும் மேலாளரையும் அழைத்து அவமானப்படுத்தின. 2022-இல் மத்திய வங்கி கொண்டுவந்த விதிமுறைகள் அதைத் தடை செய்தது சரியே. ஆயினும் நேர்மையான நிறுவனம் அனுமதி கேட்டாலும் மக்கள் இன்று தயங்குகிறார்கள். அதை அறியாமை என்று தள்ளுவது, என் பார்வையில், பட்டவர்களை மேலும் பழிப்பதாகும்.

இரு அலுவலகங்களும் சேர்ந்து ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட வேண்டுகிறேன். வாடிக்கையாளர் கேட்ட அன்றே, பிறர் பெயர் எதுவும் இல்லாமல், மாதவாரியான வரவுசெலவுச் சுருக்கம் மட்டும் அவர் குறிப்பிடும் நிறுவனத்துக்குச் சென்றுசேர வேண்டும். அந்த அனுமதியைக் குறியீட்டு எண்ணை அழுத்தித் திரும்பப் பெறும் வசதி, இணையமில்லாத சாதாரணக் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். ஓர் எண்ணைக் குடும்பமே பயன்படுத்தும் வீடுகளும் உள்ளதால், கணக்கை வைத்துக் கடன் மறுக்கப்பட்டவர் காரணம் கேட்கவும் விளக்கம் அளிக்கவும் இடம் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கான செலவைச் சுமக்க வேண்டியவர்கள், அந்தப் பதிவுகளால் ஏற்கெனவே ஆதாயம் அடைந்துவரும் நிறுவனங்களே.

இப்படிக்கு,
நிதிச் சேவைகளைக் குறித்து எழுதிவரும் ஒருவர்