‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் அடுத்த வேலை யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘நம்பர் ப்ளீஸ்’ என்று கேட்டே பாதி ஆயுள் போனது. போனில் வரும் ஒரு இயந்திரக் குரலைப் பற்றிக் குறை சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு 71 வயது. அத்திம்பேர் போனபிறகு அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். கையில் ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். அதில் மை மங்கிய 14 இலக்க விண்ணப்ப எண், கீழே ஒரு தொலைபேசி எண், ‘விண்ணப்பத்தின் நிலையை 24 மணி நேரமும் அறியலாம்’ என்று ஒரு வரி. பஸ் பிடிக்க வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், யாருடைய எரிச்சல் முகத்தையும் பார்க்க வேண்டாம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் வாரம் அக்கா தானாகவே கூப்பிட்டுப் பார்த்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனைக் காதோடு ஒட்டிவைத்தால்தான் கேட்கும். ஒட்டிவைத்தாலோ திரை அணைந்துவிடுகிறது. கன்னம் பட்டு எதுவும் அழுந்திவிடக் கூடாதே என்று போன் செய்தவர்கள் அப்படி அமைத்திருக்கிறார்கள். ‘விண்ணப்ப எண்ணை உள்ளிடவும்’ என்று அந்தக் குரல் சொன்னதும் அவள் போனை இறக்கி, எண் பலகையை வரவழைத்து, கண்ணாடியைத் தேடி, சீட்டைப் பார்த்து ஆறாவது இலக்கத்தைத் தொடுவதற்குள், ‘மன்னிக்கவும், உள்ளீடு பெறப்படவில்லை’ என்று எல்லாம் முதலிலிருந்து. மூன்றாம் முறை 14 இலக்கத்தையும் தட்டிவிட்டாள். ஆனால் முடிவில் ‘ஹேஷ்’ அழுத்தச் சொன்னது என்னவென்று புரியவில்லை. “என்னமோ ஆஷ்னு சொல்றாடி, எங்க இருக்கு அது?” என்று என்னிடம் வந்தாள். ஜன்னல் கம்பி மாதிரி இருக்குமே, அதுதான் என்று காட்டிக் கொடுத்தேன். அன்றுமுதல் திங்கள்கிழமை காலை வேலை என்னுடையதாகிவிட்டது.

இந்த இடத்தில் என் பழைய தொழிலைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இருக்க முடியவில்லை. டயல் சுற்றும் போனில் 5 சுற்றினால் லைன் ஐந்து முறை அறுந்து சேரும், விநாடிக்குப் பத்துத் துடிப்பு என்ற கணக்கில். அதை எக்ஸ்சேஞ்சே எண்ணி முடித்துவிடும், எதிர்முனைக்குப் போகாது. பொத்தான் போன் வேறு ரகம். 1963-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில்தான் பெல் தொலைபேசி நிறுவனம் அதை முதலில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதிகளைச் சேர்த்து எழுப்பும். 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் (விநாடிக்கு 770 அதிர்வு) 1336 ஹெர்ட்ஸும். பேச்சு போகிற வழியிலேயே அந்தச் சத்தமும் போவதால் எதிர்முனையில் இருக்கும் இயந்திரம் அதைக் கேட்டு எண்ணைப் புரிந்துகொள்ளும். இன்று நாம் ‘ஒன்றை அழுத்தவும்’ என்று கேட்பதற்கெல்லாம் அதுதான் மூலம். அக்காவைப் படுத்திய அந்த ஜன்னல் கம்பியும் நட்சத்திரக் குறியும் பிறகு 1968-ல் சேர்ந்தவை. கால்குலேட்டரில் 7, 8, 9 மேலே இருக்க, போனில் 1, 2, 3 மேலே இருப்பதும் சும்மா வந்ததில்லை. பொத்தான்களைப் பலவிதமாக அடுக்கி, ஆட்களை உட்காரவைத்து அழுத்தச் சொல்லி, யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்தார்கள். அழுத்தியபிறகு வரும் பதிலையும் அப்படி நாலு பேரிடம் கேட்கவைத்துப் பார்த்திருக்கலாம்.

ஏனென்றால் அந்தப் பதில் தமிழில்தான் வருகிறது, ஆனால் தமிழர் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். ‘ஒன்றை அழுத்தவும், தங்கள் விண்ணப்பத்தின் தற்போதைய நிலையை அறிந்துகொள்வதற்கு’ என்கிறது. எண் முதலில் வந்துவிடுகிறது. எதற்கு என்று தெரியும்போது எண் மறந்துவிடுகிறது. ‘நிலை அறிய, ஒன்று’ என்று சொன்னால் போதாதா? நம் மொழியில் காரியம் முன்னால் வருவதுதான் இயல்பு. இயந்திரத்துக்காக அதையும் தலைகீழாக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று. சாதாரண போன் லைனில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிதான் போகும், மீதி வெட்டுப்பட்டுவிடும். காது நன்றாகக் கேட்கிறவர்களுக்கே சில எழுத்துகள் குழம்பும். நாங்கள் இணைப்பு கொடுக்கும்போது எண்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் சொல்லப் பழக்கப்பட்டது அதனால்தான். இந்தச் சேவையிலோ ‘நிலுவையில் உள்ளது’, ‘நிராகரிக்கப்பட்டது’ இரண்டும் ‘நி’யில் தொடங்குகின்றன. நான்காம் வாரம் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா, ‘நி’ என்ற எழுத்து வந்ததுமே முகம் வெளுத்து, “வேணாம்னுட்டாளா?” என்றாள். ‘கட்டணமில்லாச் சேவைகள் விவரம் நிலுவையில் உள்ளது’ என்று ஏதோ சம்பந்தமில்லாத அறிவிப்பு அது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்துச் சமாதானப்படுத்த கால்மணி நேரம் ஆனது.

இவை எல்லாம் சில்லறைக் குறைகள் என்று தள்ளிவிடலாம். நான் எழுத உட்கார்ந்த விஷயம் வேறு.

பதினொரு திங்கள்கிழமை கூப்பிட்டேன். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், வரவேற்புரை, மொழித் தேர்வு, ஆறு கிளைகள் கொண்ட பட்டியல், எண் உள்ளீடு, அதைத் திருப்பி வாசித்து ‘சரியென்றால் ஒன்று’, இவ்வளவும் தாண்டப் பெரும்பாலும் நாலு நிமிஷத்துக்கு மேல். பிறகு பதில், ஆறே விநாடி: ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. நன்றி.’ லைன் துண்டாகிவிடும். பதினொரு முறையும் இதே வாக்கியம், இதே ஏற்ற இறக்கம். அலுவலரோடு பேச பூஜ்யத்தை அழுத்திப் பார்த்தேன். அது என்னைப் பழைய பட்டியலிலேயே கொண்டுபோய் விட்டது. பரிசீலனை என்றால் யாரோ ஒருவர் மேஜையில் காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கிறார் என்றுதானே நினைப்போம்? தொந்தரவு செய்யக் கூடாது என்று பொறுமையாக இருந்தோம்.

பன்னிரண்டாம் வாரம் அலுவலகத்துக்கே போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகவே நடந்துகொண்டார். எண்ணைத் தட்டியதும் சொன்னார்: “பாஸ்புக் முதல் பக்க நகல் கேட்டு மூணாவது வாரமே லெட்டர் போயிருக்கேம்மா. நீங்க அனுப்பல.” கடிதம் அக்கா முன்பு குடியிருந்த வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. முகவரி மாறியதைச் சொல்லாதது எங்கள் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு வாரத்துக்கு மேலாக விண்ணப்பம் அசையாமல் கிடந்தது எங்களுக்காக. அது அந்தப் பெண்ணின் திரையில் ‘ஆவணம் தேவை’ என்று தெளிவாகவே இருந்தது. போனில் வரும் குரலிடம் மட்டும் அது போய்ச் சேரவில்லை. கேட்டபோது, “போன்ல மூணு பதில்தாம்மா வெச்சிருக்காங்க: பரிசீலனை, அங்கீகாரம், நிராகரிப்பு. மத்ததெல்லாம் பரிசீலனையிலதான் காட்டும்” என்றார்.

அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் நான் கேட்பது ஒன்றுதான். விண்ணப்பம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அலுவலகம் பார்க்க வேண்டியதா, விண்ணப்பித்தவர் எதையாவது கொடுக்க வேண்டியதா? கடைசியாக எந்தத் தேதியில் அது நகர்ந்தது? ‘மார்ச் 3 அன்று தங்களிடம் வங்கிப் புத்தக நகல் கேட்கப்பட்டுள்ளது, இன்னும் வரவில்லை’ என்று சொல்ல எத்தனை விநாடி ஆகிவிடும்? எண்களையும் தேதிகளையும் துண்டு துண்டாகப் பதிவு செய்து கோத்துச் சொல்லும் வித்தை எங்கள் காலத்திலேயே வந்துவிட்டது. இப்போது எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருளும் வந்தாயிற்று. தகவல் கணினியில் இருக்கிறது, சொல்லும் வாயும் இருக்கிறது. நடுவில் இருக்கும் பட்டியலை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. கூடவே எண்ணைத் தட்ட இன்னும் பத்து விநாடி கொடுங்கள், பதிலை மீண்டும் கேட்க ஒரு பொத்தான் வையுங்கள். லைனை நீங்களாகவே துண்டிக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சில் நாங்கள் அப்படிச் செய்திருந்தால் மேற்பார்வையாளர் அம்மா எங்களைச் சும்மா விட்டிருக்கமாட்டார்.

நகலைக் கொடுத்து, புது முகவரியை எழுதிக் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். காலையில் அக்காவே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, சீட்டில் உள்ள எண்ணை நான் பெரிதாக எழுதிக் கொடுத்த அட்டையைப் பார்த்து, ஒரே முறையில் ஜன்னல் கம்பி வரை வந்துவிட்டாள். பரிசீலனையில் உள்ளதாம். “எந்தப் பரிசீலனைடி இது?” என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டெலிபோன் ஆப்பரேட்டர் ஒருத்தி