மாணவருக்கு இடம் தந்த ஜாஸ் மேடை

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்புக் கல்லூரி ஒன்றில் அண்மையில் நடைபெற்ற ஜாஸ் இசை நிகழ்ச்சியில், ட்ரம்பெட் வாசித்த மாணவி இடையில் தடுமாறியபோது, விருந்தினராக வந்திருந்த புகழ்பெற்ற பியானோக் கலைஞர் தமது வாசிப்பை அடக்கிக்கொண்டு அவர் மீண்டும் சுருதி சேரும்வரை காத்திருந்தமை என்னை மிகவும் நெகிழச் செய்தது. எழுதி வைத்ததை ஒப்புவிக்காமல் அந்தக் கணத்திலேயே கற்பனை செய்து வாசிப்பதே ஜாஸின் உயிர். நாதஸ்வர வித்துவான்களின் இராக ஆலாபனையில் ஊறிய நம் செவிகளுக்கு அது அந்நியமன்று. அமெரிக்க ஜாஸ் மேதைகளான டேவ் புரூபெக் 1958 இலும் டியூக் எலிங்டன் 1963 இலும் கொழும்பில் வாசித்தார்கள். அத்தகைய இசை கிழக்கு மாணவரையும் தேடி வரவேண்டும். அடுத்த முறை, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் சமூகத்தின் வயலினையும் கஃப்ரிஞ்ஞா என்னும் நடன இசைத் தாளத்தையும் பேணிவரும் இவ்வூர்க் கலைஞர்களையும் அதே மேடையில் அமர்த்துமாறு ஏற்பாட்டாளர்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இசை ஆர்வலர் ஒருவர்,
கல்லடி.