ஐந்து சக்கரமும் ஒன்றுபோல

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

உன் பழைய காருக்கு என்ன டயர் போடலாம் என்று கேட்டு நீ அனுப்பிய ஒன்பது போட்டோவையும் பார்த்தேன். போனில் சொன்னால் ஆபீஸ் வேலைக்கு நடுவே "சரிப்பா, சரிப்பா" என்பாய், எண்கள் எல்லாம் காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். இதில் கணக்கு இருக்கிறது. அளவு டேப்பும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புனேயில் இத்தனை புது வண்டி இருக்க, என் மகள் போய் 1984 மாடல் பிரீமியர் பத்மினி வாங்கியிருக்கிறாள் என்றதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய் அந்தப் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் 24 வருடம் ஓட்டிய டாக்ஸி 1988 மாடல். உன்னுடையது அதற்கு நான்கு வயது மூத்தது. இரண்டுமே இங்கே குர்லாவில் பிறந்தவை. அந்த பாக்டரி இருந்த இடத்தில் இப்போது கோஹினூர் சிட்டி என்று கட்டடங்கள் நிற்கின்றன. என் வண்டியை 2013ல் உடைக்கக் கொடுத்தேன். 2023 அக்டோபர் 30 முதல் மும்பைத் தெருவில் பத்மினி டாக்ஸி ஒன்றுகூடக் கிடையாது. இந்த நேரத்தில் நீ ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறாய். அம்மா திட்டினால் திட்டட்டும்.

சரி, டயருக்கு வருகிறேன்.

அந்தக் கடைக்காரன் 15 அங்குல அலாய் வீல் போட்டு 195/50 R15 டயர் மாட்டினால் "லுக் வரும்" என்றானாமே. லுக் வரும்தான். ஆனால் எண்ணைப் படித்துப் பார். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு ஐம்பது பங்கு, அதாவது 97.5 மி.மீ. R என்றால் ரேடியல், உள்ளே இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அது மட்டும் இன்னமும் அங்குலத்தில். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவே ரிம் (15 அங்குலம் என்றால் 381 மி.மீ.). 97.5, 97.5, 381. கூட்டினால் 576 மி.மீ. சக்கரத்தின் மொத்த உயரம் இதுதான்.

இப்போது உன் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 5.20-14. பழைய எழுத்துமுறை. 5.20 அங்குல அகலம், அதாவது 132 மி.மீ., 14 அங்குல ரிம். சுவர் எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்காது. அந்தக் காலத்து டயரில் சுவர் கிட்டத்தட்ட அகலத்தின் அளவே இருக்கும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று வைத்துக்கொள். கணக்குப் போட்டால் மொத்த உயரம் ஏறக்குறைய 607 மி.மீ. வரும்.

பெரிய ரிம் போட்டும் சக்கரம் 31 மி.மீ. குட்டையாகிவிட்டது, பார்த்தாயா? வண்டி ஒன்றரை சென்டிமீட்டர் தரைக்கு இறங்கும். ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணும், அதற்கு டயர் மாறியது தெரியாது. அது 60 காட்டும்போது நீ 57ல்தான் போய்க்கொண்டிருப்பாய். இன்ஜினும் அதே வேகத்துக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். 1089 சி.சி. கிழவனை வீணாக மூச்சு வாங்கவைக்காதே. இன்னொன்று, 132க்கு அமைத்த ஸ்டியரிங்கில் 195ஐ மாட்டிவிட்டு பார்க்கிங்கில் திருப்பிப் பார். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி அது. மறுநாள் தோளுக்குத் தைலம் தேய்க்க மாப்பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டும்.

அலாய் வீலில் இன்னொரு வில்லங்கம். நான்கு துளை இருந்தால் போதும், ஏறிவிடும் என்பான். உன் பத்மினியும் பியட் வம்சம்தான். துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் பல பியட் வண்டிகளில் 98 மி.மீ., கடையில் அடுக்கியிருப்பதில் முக்கால்வாசி 100. இரண்டு மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. இழுத்து முறுக்கினால் ஏறின மாதிரிகூட இருக்கும், ஆனால் சக்கரம் நேராக உட்காராது. உன் இரும்பு ரிம் நேராக இருந்தால் அதையே வைத்துக்கொள். மணல் அடித்து, துரு எடுத்து, பெயிண்ட் பூசிய பழைய ரிம்மும் குரோம் மூடியும் சேர்ந்தால் வரும் அழகு எந்த அலாயிலும் வராது. இது என் ருசி, சண்டைக்கு வராதே.

அப்படியானால் எதைப் போடுவது?

5.20-14 நைலான் டயர் (இழைகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே ஓடும் பழைய வகை) கிடைத்தால் அதையே போடு. இங்கே டாக்ஸிகள் ஓடிய வரைக்கும் அது எந்தக் கடையிலும் தொங்கும். இப்போது போன வாரம் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் நானே நாலு கடை ஏறி இறங்கினேன், மூன்றில் இல்லை என்று சொல்லிவிட்டான். நாலாவது கடைக்காரன் அம்பாசிடர் டயரை எடுத்துக் காட்டி "இதுவும் பழைய வண்டி டயர்தான்" என்றான். அது 5.90-15. ஒரு அங்குலம் பெரிசு, உன் ரிம்மில் ஏறவே ஏறாது.

நைலான் கிடைக்காவிட்டால் ரேடியல். உயரத்தில் சரியாக ஒத்துப்போவது 155/80 R14. நீயே போட்டுப் பார்: 124, 124, 356. மொத்தம் 604. மூன்றே மில்லிமீட்டர் வித்தியாசம், டயர் தேய்ந்தாலே அதைவிடக் குறையும். இதைத் தேடு. கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்.

சுலபமாகக் கிடைப்பது 165/80 R14. ஸ்விப்டுக்கும் டிசையருக்கும் வருகிற அளவு, எந்த ஊரிலும் இருக்கும். மொத்தம் 620. பழசைவிட 13 மி.மீ. கூடுதல், நூற்றுக்கு இரண்டு. அது பரவாயில்லை. ஆனால் வாங்கும் முன் உன் ரிம்மின் அகலத்தை அள. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து ஏமாறாதே. உள்ளே டயரின் பீடு, அதாவது ரிம்மில் பதியும் அதன் ஓரம், உட்காரும் இடத்தில், ரிம்மின் உள்சுவருக்கு உள்சுவர். அது நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் 165 வேண்டாம். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் இரண்டு பக்கமும் நெருக்கி நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். நடுப் பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) மட்டும் சீக்கிரம் தேயும், வண்டி ஆடும். நான்கு அங்குலம் இருந்தால் ஒரு ஜோடியை முன்னால் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்கு. மட்கார்டில் எங்கேயும் உரசக் கூடாது.

165/70 R14 என்று ஒன்றையும் நீட்டுவான். அதுவும் 14 தானே என்று தலையாட்டிவிடாதே. 587 தான் வரும், 20 மி.மீ. குட்டை. எண்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே இவ்வளவு இருக்கிறது.

எடை தாங்குமா என்று கேட்டிருந்தாய். அளவுக்குப் பின்னால் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும், 85 என்றால் 515 கிலோ. எழுத்து வேகத்துக்கு. S என்றால் மணிக்கு 180 கி.மீ. பத்மினிக்கு அந்த எழுத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது தேதியைப் பற்றி. பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3216 என்றால் 2016ஆம் வருடம் 32ஆவது வாரம் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தினது, தொடாதே. உன் ஆறாவது போட்டோவில் இருக்கும் டயரைப் பார்த்து "பட்டன் புதுசு மாதிரி இருக்கு, இதையே ஓட்டலாமாப்பா" என்று கேட்டாய். கூடாது. அந்த வண்டி யார் வீட்டு ஷெட்டிலோ வருடக்கணக்கில் நின்றிருக்கிறது. பட்டன் குமரி, ரப்பர் கிழவி. சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடுவது போட்டோவிலேயே தெரிகிறது. டாக்ஸிக்காரன் டயர் மொட்டையாகித்தான் சாகும், நிற்கிற வண்டியின் டயர் வயதாகிச் சாகும்.

டியூபைக் கைவிடாதே. இப்போது வரும் ரிம்மில் டயரின் பீடு நழுவாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன மேடு இருக்கும். உன்னுடையது போன்ற பழைய ரிம்மில் அதை எதிர்பார்க்காதே. ட்யூப்லெஸ் டயர் வாங்கினாலும் உள்ளே டியூப் போடச் சொல். ரேடியலுக்கு ஏற்ற, அளவான டியூப். போடும் முன் டயருக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்த்து எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நில், அந்தக் காகித முனையே டியூபை அரித்துவிடும். காற்று அடித்த பிறகு ரேடியல் கீழே கொஞ்சம் வயிறு தள்ளித்தான் நிற்கும். அதைப் பார்த்துக் காற்று கம்மி என்று எவனாவது அள்ளி அடித்துவிடப் போகிறான். மீட்டரைப் பார், வயிற்றைப் பார்க்காதே.

இனி எழுதப்போவதைத்தான் இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

உனக்கு அப்போது ஆறு வயது. 1997, ஜூலை. பூட் ஹவுஸ், அந்தப் பூட்ஸ் வடிவக் கட்டடம், பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக அழுதாய். ஞாயிற்றுக்கிழமை சவாரி எடுக்காமல் உன்னை முன்சீட்டில் உட்காரவைத்து மலபார் ஹில் கூட்டிப்போனேன். அதற்கு முந்தின நாள்தான் குர்லாவில் ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றிய ரேடியல் ஒரு ஜோடி மலிவாகக் கிடைத்தது. ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது, நல்ல டயர் முன்னால்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து முன்னால் ரேடியல், பின்னால் பழைய நைலான் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

திரும்பும்போது மழை. மலையிலிருந்து சௌபாட்டிக்கு இறங்கும் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். முன்பக்கம் ரோட்டைக் கவ்வித் திரும்பியது, பின்பக்கம் கூட வரவில்லை. வழுக்கிக்கொண்டு வெளியே போயிற்று. வண்டி அரை வட்டம் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. எதிரே ஒரு பஸ் பிரேக் போட்டு நின்றிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான். எனக்குக் கை உதறியது. நீ சீட்டில் எழுந்து நின்று கை தட்டி, "அப்பா, இன்னொரு தடவை!" என்றாய்.

மறுநாள் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு அண்ணாச்சியிடம் சொன்னேன். ஓங்கி அடிக்காத குறை. "எலே, முன்னால ரேடியல், பின்னால நைலான் எவம்ல போடுவான்? வால் ஒன் பேச்சக் கேக்குமா?" என்றார். வளைவில் ரேடியலின் பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும், அதனால் பட்டன் தட்டையாகத் தரையோடு நிற்கும். நைலானில் குறுக்கும் நெடுக்குமாக இழை போட்டிருப்பதால் சுவர் சாயும்போது பட்டனும் கூடவே தூக்கிக்கொள்ளும், பிடிப்பு விடும். முன்னால் கெட்டி, பின்னால் நழுவல் என்றால் நான் பார்த்ததுதான் நடக்கும். வேறு வழியே இல்லாவிட்டால் ரேடியல் ஜோடி பின்னால் போகலாம், முன்னால் மட்டும் கூடாது. ஒரே அச்சில் ஒன்று அது, ஒன்று இது என்பது எப்போதும் கூடாது.

உனக்கு இதில் எது நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு அந்த "இன்னொரு தடவை" இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதனால் கையில் காசு குறைந்தால் இரண்டு மாதம் பொறுத்து வாங்கு, வண்டி நிற்கட்டும். இரண்டாக வாங்காதே. நாலும் சேர்த்து வாங்கு, ஸ்டெப்னியோடு ஐந்து. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வகை. ஸ்டெப்னிக்குப் பழசு போதும் என்று மாப்பிள்ளை சொல்வார். அந்தப் பழசு என்றைக்காவது ராத்திரி மழையில் லோனாவாலா பக்கம் வெளியே வரும்.

ரிம்மின் உள் அகலத்தை அளந்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பு. கடையில் டயரைக் கையில் எடுத்ததும் நான்கு இலக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, பணம் கொடுப்பது அப்புறம். அடுத்த ஞாயிறு இந்திராயணி ரயிலில் வருகிறேன். டாக்ஸியிலிருந்து எடுத்துவைத்த வீல் ஸ்பானரும் ஜாக்கியும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன, எண்ணெய் போட்டு எடுத்து வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள். அதற்குள் இந்தக் கடிதத்தைப் பத்திரமான இடத்தில் வைத்துவிடு. மலபார் ஹில் சங்கதி அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அன்புடன்
அப்பா