பூங்காக் கழிப்பறைச் சாவியைக் கேட்டு ஒரு திறந்த மடல்

எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர் அவர்களுக்கும், தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊர், எந்தப் பூங்கா என்று நான் எழுதவில்லை. எந்தப் பூட்டு என்பது உங்களுக்குத் தெரியும். நடைபாதையின் வடக்கு மூலையில், பச்சை வண்ணம் அடித்த கதவில், திறப்பு விழா முடிந்த மறுநாள் தொங்கவிட்ட அதே பூட்டு. அதைத் திறந்துவிடுங்கள் என்று இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கான ரசீது பத்திரமாக இருக்கிறது, பதில்தான் வரவில்லை. கடந்த செவ்வாய்க்கிழமை நடந்ததற்குப் பிறகு மூன்றாவது மனுவை மூடிய உறையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு இது இரண்டாவது பிரசவம். சுகப்பிரசவம்தான், குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கனம் தூக்காதே என்றார்கள், தடுப்பூசித் தேதிகளை எழுதிக் கொடுத்தார்கள். என் உடம்பை எப்படித் தேற்றிக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால்கூடச் சிறுநீர் கசிந்தது. அத்தையிடம் சொன்னேன். “பிள்ளை பெற்றவளுக்கு அது அப்படித்தான் இருக்கும்” என்றார். அவருக்கு நாற்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மாமாவுக்காக, மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் ஓர் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருகிறார். (2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது.) ஒருநாள் அவர் கிளம்பும்போது வாசல் வரை போய், குரலைத் தாழ்த்திக் கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தவர், அடுப்படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். மாதக்கணக்கில் குழந்தையின் கனத்தைத் தாங்கியவை இடுப்புக்கு அடியில் இருக்கும் தசைகள். பிரசவத்தில் அவை இழுபட்டுத் தளர்ந்துபோகின்றன. சிறுநீரை அடக்குவதுபோல அவற்றை உள்ளிழுத்து, சில விநாடி பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது விடாமல். கூடவே நடக்க வேண்டும். பத்து நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அடிவயிறு கீழே இறங்குவதுபோலக் கனத்தாலோ ரத்தம் பட்டாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கசிவு நிற்கும் வரை ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். வேறு தடை இல்லாத தாய்மார்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது இப்படி உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறதாம்.

அந்த 150 நிமிடத்தை நான் எப்படிச் சேர்க்கிறேன் என்று கேளுங்கள். அதிகாலை ஐந்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டால் குழந்தை ஏழு மணி வரை தூங்கும். பெரியவளைப் பள்ளிக்குக் கிளப்பும் முன் எனக்கென்று கிடைப்பது முக்கால் மணி நேரம். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அடங்காது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்குவேன்.

செவ்வாய்க்கிழமை நான்காவது சுற்றில் அடுத்தடுத்து மூன்று தும்மல். கழிப்பறையை நோக்கி ஓடினேன். ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தும் ஓடினேன். பூட்டு. காவலாளி அண்ணனிடம் கேட்டேன். சாவி அலுவலகத்தில் இருக்கிறது, அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும் என்றார். பூங்காவை எட்டு மணிக்கே மூடிவிடுவார்கள். அடுத்த முறை தண்ணீர் குடிக்காமல் வரச் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். ஜன்னல் வலை வழியாக உள்ளே பார்த்தேன். வெள்ளைப் பீங்கான், சுவரில் எவர்சில்வர் குழாய், மூலையில் ஒரு நீல வாளி. வாளியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. துப்பட்டாவை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கடைவீதியில் பாலுக்கு நின்ற கூட்டத்தைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தேன்.

ஆண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மதில் சுவர் இருக்கிறது. ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று அதில் நீங்கள் எழுதிவைத்திருப்பது அவர்களுக்கு இடம் கண்டுபிடிக்க வசதியாக இருக்கிறது.

ஒகேனக்கல் தண்ணீரை மேடு பள்ளம் தாண்டி இரண்டு மாவட்டங்களுக்கும் குழாயில் கொண்டுவர முடிந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்க முடிந்தது. அலுவலகத்து ஆணியில் தொங்கும் ஒரு சாவியை இரண்டு தெரு தள்ளியிருக்கும் பூங்காவுக்குக் கொண்டுவர மட்டும் என்ன வேண்டும்? மதிப்பீடு தயாரிக்க வேண்டுமா? டெண்டர் விட வேண்டுமா? திறப்பு விழாதான் வேண்டுமென்றால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், ரிப்பனை நாங்கள் வாங்கித் தருகிறோம்.

பெண்களுக்குக் குடம் தூக்குவதே உடற்பயிற்சிதானே என்று உறுப்பினர் ஒருவர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். ஐயா, குடம் தூக்கும்போது வயிற்றின் அழுத்தம் கீழே அந்தத் தசைகளின் மேல்தான் விழுகிறது. தளர்ந்த தசைக்கு அது பயிற்சி இல்லை, பளு. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதுமே மாந்தோப்புக்கும் செங்கல் சூளைக்கும் கூலிக்குப் போகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! பிற்பாடு கர்ப்பப்பை இறங்கி, யாரிடமும் சொல்லாமல், துணி மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். கல்யாண வீட்டில் வாசலை ஒட்டியே உட்காருகிறார்கள். பிரசவத்துக்கு உதவித்தொகை உண்டு, பெட்டகம் உண்டு. குழந்தை பிறந்த மறுநாளிலிருந்து அவளைத் தாய் என்று மேடையில் கும்பிடுவதோடு சரி.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். நான் கேட்க வந்தது ஒரு சாவியை.

திறந்து வைத்தால் அசுத்தம் செய்வார்கள், குழாயைக் கழற்றிக்கொண்டு போவார்கள் என்பது உங்கள் பதிலாக இருக்கலாம். நாள் முழுவதும் திறக்கச் சொல்லவில்லை. பூங்கா திறந்திருக்கும் காலை ஐந்து முதல் எட்டு வரை போதும். அந்த நேரத்தில் காவலாளி அங்கேதான் இருக்கிறார். சுத்தம் செய்யும் பெண்ணுக்கு அதற்கான கூலியைத் தனியாகக் கொடுங்கள், இருக்கும் வேலையோடு சேர்த்துச் சுமத்திவிடாதீர்கள். காவலாளி அண்ணனைக் கூப்பிட்டுக் கண்டிக்கவும் வேண்டாம், சாவி அவரிடம் இல்லை.

செவ்வாய்க்குப் பிறகு நான் பூங்காப் பக்கம் போகவில்லை. மொட்டை மாடியில் நடக்கிறேன். இருபத்திரண்டு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடுகிறது. திரும்பித் திரும்பித் தலை சுற்றுகிறது. வரும் திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பூங்காவுக்கு வருவேன். அதற்குள் சாவியை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வாளியின் உறையை நானே பிரித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பேரூராட்சிக்கு வரி பாக்கி வைக்காத,
ஐந்து மாதக் குழந்தையின் தாய்