'ஹேவிங்' என்றாலே தப்பு என்று எழுதிவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் போன மாதம் 'ஹேவ்' என்ற வினைச்சொல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில், 'ஹேவ்' கூட ஐஎன்ஜி சேரவே சேராது, 'ஹேவிங்' என்று சொன்னாலே தப்பு என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அது பாதிதான் சரி. அந்தப் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இங்கே கானாடுகாத்தான் பக்கத்துப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் நவம்பர் பிறந்துவிட்டால் வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள், அதிலும் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய. பர்மா தேக்குத் தூண் வைத்த பழைய வீடுகளைப் பார்க்க வேண்டும், ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பார்க்க வேண்டும், அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான்களைப் புரட்ட வேண்டும். இவர்களைக் கூட்டிக்கொண்டு அலைகிற பையன்களில் சிலர் உங்கள் பகுதியைக் கத்தரித்து வைத்துப் படிப்பவர்கள். அப்படி ஒருவனிடம், ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நின்றுகொண்டிருந்த அம்மா ஒருவர், கூட வந்தவர்கள் எல்லாம் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர்கள் உள்ளே, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் 'தே ஆர் ஹேவிங்' வரை வந்துவிட்டான், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு 'தே ஹேவ் லஞ்ச்' என்று மாற்றினான். அந்த அம்மாவோ, சாப்பாடு பொட்டலம் கட்டி அவர்கள் கையில் கொடுத்தாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எனக்கும் ஒன்று வேண்டுமே என்றார். முதலில் வாயில் வந்ததுதான் சரி. உங்கள் கட்டம்தான் அவனைக் கெடுத்தது.

விஷயம் இதுதான். 'ஹேவ்' என்பது நம்மிடம் இருப்பதையும் சொல்லும், நாம் செய்வதையும் சொல்லும். இருப்பதைச் சொல்லும்போது ஐஎன்ஜி வராது: 'ஐ ஹேவ் எ ஷாப்', 'ஷீ ஹேஸ் டூ பிரதர்ஸ்', 'திஸ் ஹவுஸ் ஹேஸ் எ பிக் கோர்ட்யார்ட்'. சாப்பிடுவது, குளிப்பது, பேசிக்கொண்டிருப்பது, சிரமப்படுவது என்று நடந்துகொண்டிருக்கிற காரியமாக இருந்தால் தாராளமாக வரும்: 'வீ ஆர் ஹேவிங் காபி', 'ஹி இஸ் ஹேவிங் எ பாத்', 'ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் மை போன்'. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம் என்றால்கூட 'வீ ஆர் ஹேவிங் எ ஃபங்ஷன் ஆன் சண்டே' என்று சொல்லலாம், ஏற்பாடு ஆகிவிட்ட காரியம் என்பதால்.

நம்மவர்கள் ஏன் 'ஐ ஆம் ஹேவிங் எ கார்' என்கிறார்கள் என்பதையும் அந்தப் பகுதியில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். தமிழில் 'கார் வைத்திருக்கிறேன்', 'கடை வைத்திருக்கிறேன்' என்றுதான் பேசுகிறோம். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் ரீடிங்' என்று பள்ளிக்கூடத்தில் பழகிய வாய், அதே 'இருக்கிறேன்' இங்கேயும் வால் பிடித்து வருவதைப் பார்த்ததும் ஐஎன்ஜியைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது. இதற்கு நான் பையன்களிடம் சொல்கிற வழி ஒன்று உண்டு. அந்த இடத்தில் 'உண்டு' போட்டுப் பாருங்கள். கடை உண்டு, கார் உண்டு, எனக்கு ரெண்டு அக்கா உண்டு. பொருந்தினால் வெறும் 'ஹேவ்', அவன், அவள், அது என்று ஆள் மாறினால் 'ஹேஸ்'. 'உண்டு' ஒட்டாமல் 'சாப்பிட்டுக்கொண்டு', 'குளித்துக்கொண்டு' என்று வந்தால் 'ஹேவிங்'. தலைவலி, சளி, காய்ச்சலுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது, ஆனாலும் அவற்றையும் சொத்துப் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்: 'ஐ ஹேவ் எ ஹெடேக்', 'மை சன் ஹேஸ் எ கோல்ட்'. டாக்டரிடம் 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்' என்றாலும் ஊசி போடத்தான் போகிறார், அது வேறு.

இந்த இடத்தில் சிலர், இந்திய ஆங்கிலத்தில் இது சகஜம்தானே, புரிந்தால் போதாதா என்பார்கள். பாதி நேரம் நானும் அப்படித்தான் நினைப்பேன், சகஜம்தான், இந்தியா முழுக்க அப்படிப் பேசுகிறார்கள். ஆனால் சில இடத்தில் அர்த்தமே மாறிப்போகிறதே. ஆங்கிலத்தில் 'ஷீ இஸ் ஹேவிங் எ பேபி' என்றால் அவள் பிள்ளை பெறப்போகிறாள் என்று பொருள். எழுபது வயது ஆச்சி ஒருவர் வந்தவர்களிடம் பெருமையாக 'ஐ ஆம் ஹேவிங் த்ரீ சன்ஸ்' என்று சொன்னால் கேட்கிறவர் முகம் எப்படிப் போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எங்கள் ஊருக்கு ரொம்பத் தேவையானது, உங்கள் பகுதியில் வரவே இல்லை. நாமே செய்யாமல் ஆள் வைத்துச் செய்கிற வேலைக்கும் இதே 'ஹேவ்'தான். இத்தனை பெரிய வீடுகளில் வருஷம் முழுக்க ஏதாவது மராமத்து நடந்துகொண்டே இருக்கும். ஓடு பிரித்து மாட்டுகிறார்கள் என்றால் 'வீ ஆர் ஹேவிங் தி ரூஃப் ரிப்பேர்ட்'. 'வீ ஆர் ரிப்பேரிங் தி ரூஃப்' என்றாலும் தப்பில்லை, ஆனால் வீட்டுக்காரரே ஏணி போட்டு ஏறியிருக்கிறார் என்றும் எடுத்துக்கொள்ள இடமுண்டு. தரைக்குக் கல் மாற்றினால் 'வீ ஆர் ஹேவிங் தி டைல்ஸ் ரீப்ளேஸ்ட்'. வேலை முடிந்துவிட்டால் 'வீ ஹேட் தி டைல்ஸ் ரீப்ளேஸ்ட் லாஸ்ட் இயர்'. சொல் வரிசை முக்கியம், அதை மாற்றி 'வீ ஹேட் ரீப்ளேஸ்ட் தி டைல்ஸ்' என்றால், வேறு ஏதோ நடப்பதற்கு முன்னாலேயே நாம் மாற்றிவிட்டோம் என்று வேறு கதைக்குப் போய்விடும்.

'டிட் யூ ஹேட்' என்று கேட்பதைப் பற்றியும், 'யெஸ்டர்டே' போட்டுவிட்டு 'ஐ ஹேவ் கம்' என்பதைப் பற்றியும் தப்பு என்று நீங்கள் எழுதியது சரியாகவே இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகவே ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போட வேண்டும், அதே இடத்தில், அதே அளவில். கூடவே, எடுத்துக்காட்டு வாக்கியங்களில் ஜானும் மேரியும் லண்டனில் பனியில் நடக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டு, பேங்க், ரேஷன் கடை, பலகாரக் கடை, வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று போட்டால் மறுநாளே வாயில் வரும். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கொடுப்பதாக இருந்தால், 'ஹேவ்' என்று எழுதுவதைப் பார்த்து 'ஹே' என்று நீட்டிவிட வேண்டாம், குறுக்கியே சொல்ல வேண்டும் என்றும் ஓரத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். இந்தக் கடிதத்திலும் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், வேறு எழுத்து இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.